உஷார்! மெல்ல ஆடும் மாடிப் படகு

கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் டெல்லித் தமிழர்களே, வழியில் தேக்கடி, ஆலப்புழை என்று படகுச் சவாரி வைத்திருக்கிறீர்களா? ஏறப்போவது மாடி வைத்த படகு என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

படகு சொகுசாகச் சாய்ந்து, நிதானமாக நிமிர்ந்தால், 'அலுங்காமல் போகிறதே' என்று சந்தோஷப்படாதீர்கள். பயப்பட வேண்டிய ஆட்டமே அதுதான்! அடிப்பாரம் சரியாக உள்ள படகு வெடுக்கென்று நிமிரும். தலைப்பாரம் ஏறிய படகு மெல்லச் சாயும், சாய்ந்த இடத்தில் தயங்கி நிற்கும், பிறகுதான் திரும்பும். ஒரே படகு 3 விநாடியில் முடித்த ஆட்டத்துக்கு 6 விநாடி எடுத்தால், அதை நிமிர்த்தும் பலம் கால்பங்காகக் குறைந்துவிட்டது என்று பொருள்.

மொத்த எடை 12 டன் உள்ள படகில், கீழே இருந்த 20 பேர் செல்ஃபி எடுக்க இரண்டரை மீட்டர் மேலே ஏறுகிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்கு 60 கிலோ. படகின் எடைமையம் 25 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். சின்னப் படகுக்கு அது உயிர்போகிற அளவு. அடித்தட்டில் தண்ணீர் தேங்கியிருந்தால் இன்னும் மோசம். படகு சாயும் பக்கமே அதுவும் ஓடும்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்யகா' என்ற மாடிப் படகு கவிழ்ந்தது. விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதாகச் சொன்னார்கள். 45 உயிர்கள்! வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வேடிக்கை பார்க்கத்தானே செய்வார்கள்? அதைத் தாங்காத படகை ஓடவிட்டதுதான் குற்றம். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஆளேற்றினார்கள். 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள்.

லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டி, வாரை இழுத்துக் கட்டுங்கள். கண்ணாடி அடைத்த கீழ்த்தளத்தின் நடுவில் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். கவிழ்ந்தால் வெளியே வர வழியிருக்காது. மேல்தளம் நிரம்பி, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றால் கிளம்பும் முன்பே இறங்கிவிடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும்.

டெல்லியிலும் இந்தப் படகுச் சவாரி நம் வாசலுக்கு வந்துவிட்டது. யமுனையில் சோனியா விஹார் முதல் ஜகத்பூர் வரை உல்லாசப் படகு விட 2025 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கூரைமேல் சோலார் தகடு, ஏசி என்று எதை ஏற்றினாலும் தலைப்பாரம்தான். தெரிந்த எடைகளைத் தளத்தின் ஓரத்துக்கு நகர்த்தி, தூக்குக்குண்டு கட்டிச் சாய்வை அளக்கும் சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு படகுக்கும் அதைச் செய்து, மேலே எத்தனை பேர், கீழே எத்தனை பேர் என்று படித்துறையில் இந்தியில் பெரிதாக எழுதி வைக்கச் சொல்லி இப்போதே கேட்போம்.