லெபனான் இரவுகளைச் சாப்பிடலாமா?

"இரவைச் சாப்பிட முடியுமா?" என்று யாராவது கேட்டால் சிரிப்பீர்கள்தானே? லெபனான் நாட்டில் முடியும்! அங்கே ஓர் இனிப்பின் பெயரே 'லயாலி லுப்னான்'. அரபு மொழியில் 'லயாலி' என்றால் இரவுகள். 'லுப்னான்' என்றால் லெபனான். பாலில் ரவையை வேகவைத்து, ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, ஜில்லென்று துண்டு போட்டுச் சாப்பிடும் இனிப்பு இது.

லெபனான், மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் உள்ள குட்டி நாடு. தலைநகரம் பெய்ரூட். அங்குள்ள மலைகளில் மிக உயரமான சிகரம் 3,088 மீட்டர்! குளிர்காலத்தில் மலை உச்சிகளைப் பனி மூடிவிடும். 'வெண்மை' என்ற பொருள் தரும் பழைய சொல்லில் இருந்துதான் நாட்டுக்கு இந்தப் பெயர் வந்தது என்பார்கள். இந்த இனிப்பும் வெள்ளை வெளேரென்றுதான் இருக்கும்.

சரி, செய்து பார்ப்போமா? அடுப்பு வேலை இருப்பதால், அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும்.

தேவையான பொருட்கள்:
பால் - 3 கப்
சன்ன ரவை - அரை கப்
சர்க்கரை - 3 டேபிள் ஸ்பூன்
கெட்டியான ஃப்ரெஷ் கிரீம் - 1 கப்
பொடியாக நறுக்கிய பிஸ்தா - ஒரு கைப்பிடி

பாகு செய்ய:
சர்க்கரை - 1 கப்
தண்ணீர் - அரை கப்
எலுமிச்சைச் சாறு - சில துளிகள்
ரோஸ் வாட்டர் - 1 டீஸ்பூன்

(கல்யாண வீட்டில் தெளிக்கும் பன்னீர் வேண்டாம். சமையலுக்கு என்று விற்பதைத்தான் வாங்க வேண்டும்.)

செய்முறை:
1. காய்ச்சாத, குளிர்ந்த பாலில் ரவையையும் சர்க்கரையையும் போட்டுக் கலக்குங்கள். ரவையை வறுக்க வேண்டாம்.
2. பிறகு அடுப்பை மிதமான தீயில் எரியவிட்டு, கைவிடாமல் கிளறுங்கள். கொதி வந்து, கூழ் போல கெட்டியானதும் இறக்குங்கள்.
3. ஒரு தட்டில் ஊற்றிச் சமப்படுத்துங்கள். சூடு ஆறியதும் மேலே கிரீமைப் பரப்பி, மூடி, ஃப்ரிட்ஜில் 4 மணி நேரம் வையுங்கள்.
4. சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். எலுமிச்சைச் சாறு விடுங்கள். கம்பிப் பதம் வேண்டாம். பிசுபிசுப்பு வந்ததும் இறக்கி, ரோஸ் வாட்டர் சேர்த்து ஆறவிடுங்கள்.
5. பிஸ்தா தூவி, துண்டு போட்டு, மேலே பாகு ஊற்றிச் சாப்பிடுங்கள்.

ரவையைக் குளிர்ந்த பாலில் ஏன் போடுகிறோம், தெரியுமா? ரவையில் மாவுச்சத்து இருக்கிறது. கொதிக்கும் பாலில் ரவையைக் கொட்டினால், வெளிப்பக்கம் உடனே வெந்து பசையாகிவிடும். அந்தப் பசை உள்ளே இருக்கும் காய்ந்த ரவையைப் பூட்டிவிடும். அதுதான் கட்டி! கேசரிக்கு ரவையை நெய்யில் வறுப்பதால், நெய் மேலே பூசிக்கொண்டு ரவை ஒட்டாமல் தனித்தனியாக நிற்கிறது. இங்கே நெய் இல்லை. அதனால் சூடாவதற்கு முன்பே ரவையைப் பாலில் கலந்து விடுகிறோம்.

அப்புறம் ஃப்ரிட்ஜில் நடப்பதும் வேடிக்கைதான். சூட்டில் உப்பிய மாவுச்சத்து, ஆறும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வலை போலாகிறது. பால் அதற்குள் சிக்கிக்கொள்கிறது. ஆசை தாங்காமல் அரை மணி நேரத்தில் வெட்டினால் கூழாக வழியும், உஷார்!

பாகில் எலுமிச்சை எதற்கு? அதன் புளிப்பு, சர்க்கரையில் ஒரு பகுதியை வேறு இரண்டு வகைச் சர்க்கரைகளாகப் பிரித்துவிடுகிறது. அதனால் பாகு சீக்கிரம் பூத்துப்போகாது.

லெபனான்காரர்கள் பாகில் ஆரஞ்சுப் பூ நீர் சேர்ப்பார்கள். அங்கே மக்தூஷே என்ற ஊர் இதற்குப் பேர்போனது. வசந்த காலத்தில் பறிக்கும் கசப்பு ஆரஞ்சுப் பூக்களைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்த ஆவியைக் குளிரவைத்து வாசனை நீராகப் பிடிப்பார்கள். கிரீமுக்குப் பதில், காய்ச்சிய பாலில் படியும் ஏட்டைச் சேர்த்துச் செய்யும் 'அஷ்தா' போடுவார்கள்.

இந்த இனிப்பில் இன்னொரு வசதியும் உண்டு. ரவையில் சர்க்கரை குறைவு. கிரீமில் சர்க்கரையே இல்லை. பாகுக் கிண்ணத்தை நடுவில் வைத்துவிட்டால் போதும். தாத்தாவுக்கு ஒரு சொட்டு, உங்களுக்கு ஒரு கரண்டி... அவரவர் தட்டில் அவரவருக்குப் பிடித்த இனிப்பு!