மறந்துபோச்சேன்னு பயமா? குடவோலையிலிருந்து ஆரம்பிங்க!

பொங்கல் லீவு முடிந்துவிட்டது. அறுவடைக்கு அப்பாவோடு வயலில் நின்றது, அத்தை வீட்டுக்குப் போய் வந்தது என்று நாள் ஓடியதே தெரியவில்லை. காலையில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. முதல் பீரியடே பைத்தான்! 'ஃபார் லூப்' எப்படி எழுதுவது? லிஸ்ட்டுக்கு எந்த அடைப்புக்குறி? ஒன்றுமே ஞாபகம் இல்லை.

லீவு முடிந்து திரும்பும் எல்லா மாணவர்களுக்கும் இந்தப் பயம் உண்டு. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல். பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்து, கல்லூரியில்தான் முதன்முதலாக கோடிங்கைத் தொட்டவர்கள் பலர். பக்கத்து சீட்டில் இருப்பவர் மளமளவென்று டைப் அடிக்கும்போது, 'நமக்கு இது வராது போல' என்று வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். அன்றைக்குக் கேட்காத சந்தேகம், செமஸ்டர் கடைசியில் அரியராக வந்து நிற்கிறது.

உண்மையில், மறந்தது என்பது தொலைந்தது அல்ல. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன் மறதியை அளந்து 1885-ல் வெளியிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி மறந்துபோனது. ஆனால், 31 நாள் கழித்து மறுபடி கற்றபோதும், முதல்முறை ஆன நேரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு மிச்சமானது. அர்த்தமே இல்லாத அசைகளுக்கே இப்படி என்றால், புரிந்து படித்த பாடம் அவ்வளவு சீக்கிரம் கைவிட்டுப் போகாது.

சரி, எப்படி மீட்பது? நோட்டைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து வாசிப்பதுதான் பலரும் செய்வது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-ல் இதைச் சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். ஆகவே நோட்டை மூடி வையுங்கள். ஒரு சின்ன புரோகிராமை நீங்களே எழுதுங்கள்.

எதை எழுதுவது? உத்திரமேரூர்க்காரர்களுக்கு ஊரிலேயே பாடம் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுதான் அது. ஒரு புரோகிராமர் கண்ணோடு அதைப் பாருங்கள்.

ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் போட வேண்டும். இது லிஸ்ட். வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்கிறதா? கடந்த மூன்று வருடத்தில் பதவியில் இருந்தவரா? முன்பு பதவி வகித்து, கணக்குக் காட்டாதவரா? இவை எல்லாம் 'இஃப்' கேள்விகள். ஒவ்வொரு குடும்பின் ஓலைகளையும் குலுக்கி, விவரமறியாத சிறுவனை ஒன்றை எடுக்கச் சொல்வது 'ராண்டம்'. அதையே 30 முறை செய்வது லூப். தேர்வான 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு.

இன்னொரு சுவாரஸ்யம். 919-ல் எழுதிய விதியில் வயது 30 முதல் 60 வரை. இரண்டே வருடத்தில், 921-ல், அதை 35 முதல் 70 என்று திருத்தினார்கள். முதல்முறையே சரியாக வராவிட்டால் என்ன, திருத்தி எழுதினால் போச்சு!

லேப்டாப் இல்லையா? போன் பிரவுசரில் கூகுள் கோலாப் திறந்தால் போதும். ஐந்து பெயர், இரண்டு வார்டு என்று சின்னதாகத் தொடங்குங்கள். நின்றுபோகும் இடத்தில் மட்டும் நோட்டைப் பாருங்கள். எர்ரர் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முதல் பீரியடில் அதையே காட்டிக் கேளுங்கள். 'எதுவும் ஞாபகம் இல்லை சார்' என்பதைவிட, 'இந்த வரியில் நிற்கிறது சார்' என்று கேட்பது சுலபம். பதில் சொல்வதும் சுலபம்.

அந்தக் காலத்தில் சொந்த நிலமும் வேதப் படிப்பும் இருந்தவர்களுக்குத்தான் குடத்தில் ஓலை. மற்றவர்கள் பெயர் அதற்குள் போகவே இல்லை. இன்று அந்த வீட்டுப் பிள்ளைகளும் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறி கோடிங் படிக்கப் போகிறார்கள். ஒரு வார மறதிக்குப் பயந்து பின் பெஞ்சில் ஒதுங்கிவிடலாமா?