ரேடியேட்டரை வடித்தாலும் வெந்நீர் வரும்

பிரிட்டனில் பழைய வீடு வாங்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது: ஹீட்டிங்கில் வேலை நடந்தால் வெந்நீரும் நின்னுடுமா? ஜனவரி குளிரில், கைக்குழந்தையோ வயசான அம்மாவோ வீட்டில் இருந்தால் இது சின்ன விஷயமில்லை. சிலிண்டர் வைத்த வீடுகளில் பெரும்பாலும் நிற்க வேண்டியதில்லை.

காரணம், ரேடியேட்டரில் ஓடும் தண்ணீர் வேறு, நாம் குளிக்கும் தண்ணீர் வேறு. பாய்லர் சூடாக்குவது முதலாவதை மட்டும்தான். அது ரேடியேட்டர்களையும் சுற்றும், செப்பு சிலிண்டருக்குள் இருக்கும் சுருள் குழாய்க்குள்ளும் போய்வரும். குளிக்கிற தண்ணீர் அந்தச் சுருளுக்கு வெளியே நின்று சூடாகும். இரண்டும் கலக்காது. ஆகவே ரேடியேட்டர் பக்கத்தை முழுக்க வடித்தாலும் சிலிண்டர் நிரம்பியே இருக்கும். இல்லாமல் போவது சூடு மட்டும்தான்.

அதைத் தருவது சிலிண்டருக்குள் இருக்கும் இம்மர்ஷன் ஹீட்டர். நம்ம ஊர் பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடுக்கு அண்ணன். கணக்குப் போட்டால், 120 லிட்டரை 10 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற சுமார் 7 யூனிட் மின்சாரம். 3 கிலோவாட் ஹீட்டருக்கு ஏறத்தாழ 2 மணி 20 நிமிடம். அது ஏன் 60? லெஜியோனெல்லா கிருமி வெதுவெதுப்பில், 20 முதல் 45 டிகிரிக்குள், நன்றாகப் பெருகும். 60-ல் தாங்காது. ஆனால் அந்தச் சூடு தோலையும் பொசுக்கும், குழந்தைக்குக் கலந்தே ஊற்றுங்கள்.

பரணில் இரண்டு டேங்க் இருக்கும். பெரியது சிலிண்டருக்கு, சின்னது ஹீட்டிங்குக்கு. பாய்லரை அணைத்து, சின்ன டேங்க்கின் மிதவையைத் தூக்கிக் கட்டிவிட்டு வடிக்க வேண்டும். பெரியதைத் தொடக்கூடாது, சிலிண்டரில் தண்ணீர் இறங்கி ஹீட்டர் வெறுமனே எரிந்தால் கருகிவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சின்ன டேங்க்கும் இல்லை, பிரஷர் மீட்டரும் இல்லை என்றால் அது பிரைமேட்டிக் வகை சிலிண்டராக இருக்கலாம். அதில் இரண்டு தண்ணீரையும் பிரிப்பது வெறும் காற்றுக் குமிழிதான். ஹீட்டிங்கை வடித்தால் அந்தத் தடுப்பே போய்விடும். அங்கே பிளம்பரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

காம்பி பாய்லரில் சிலிண்டரே கிடையாது. உள்ளே ஹீட்டிங் தண்ணீர் இருந்தால்தான் வெந்நீர் வரும். ஒரு ரேடியேட்டரை மட்டும் கழற்றுவதானால் அதன் இரண்டு வால்வையும் மூடினால் போதும். பாய்லரின் மூடியைத் திறந்து கேஸ் பக்கம் கை வைப்பது மட்டும் கேஸ் சேஃப் பதிவு பெற்றவர் வேலை.

எதுவானாலும், வேலைக்கு முந்தின நாளே பாய்லரை அணைத்து இம்மர்ஷனில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். வருஷக்கணக்கில் தொடாத ஹீட்டர் செத்துப் போயிருந்தால், அது தெரியவேண்டியது அன்றைக்குத்தான்.