கேம்பல் லேன்: ஒரு பெயரின் பயணம்

தைப்பொங்கல் நெருங்கும் நாள்களில் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேன் களைகட்டிவிடும். கட்டுக்கட்டாகக் கரும்பு, மஞ்சள் கொத்து, மண்பானை, மாவிலை என்று கடைகள் நடைபாதைவரை நீளும். தீபாவளிக்கு முன்பும் அதே நெரிசல்தான். மற்ற நாள்களிலும் அங்கே மல்லிகைச் சரமும் ரோஜா மாலையும் தொங்காத வேளை இல்லை. சற்று உள்ளே நடந்தால், 2015ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் வரும். சிங்கப்பூரில் இதைவிட இந்திய மணம் மிகுந்த தெருவைக் காண்பது அரிது. ஆனால், அதன் பெயர்ப் பலகையில் இருப்பதோ ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர்.

‘கேம்பல்’ என்பது ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளுள் ஒன்றான கேலிக் மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் ‘கம்’ என்றால் கோணல். ‘பியல்’ என்றால் வாய். கோணல் வாயன் என்பதே கேம்பல் என்பதன் பொருள். யாரோ ஒருவருக்கு வாய் சற்றுக் கோணியிருந்தது. ஊரார் அதையே பட்டப்பெயராக்கிவிட்டனர். கில்லெஸ்பிக் கேம்பல் என்பவரின் பெயர் 1263ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்றில் காணப்படுகிறது. இக்குடும்பப் பெயர் தெளிவாகப் பதிவான மிகப் பழைய இடங்களுள் அதுவும் ஒன்று. கோணல் வாய் யாருடையதோ, அவரது முகம் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. பட்டப்பெயர் மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வந்துவிட்டது.

இது தமிழர்களுக்குப் புதிய செய்தி அன்று. சோழ மன்னன் ஒருவன் தீயில் கால் கருகியதால் கரிகாலன் எனப்பட்டான் என்று மரபு கூறும். பாண்டியன் ஒருவன் முதுகு வளைந்திருந்ததால் கூன் பாண்டியன் எனப்பட்டான். உடற்குறை பெயரானபின் அதற்கு அழகான வேறு விளக்கம் தேடுவதும் மனித இயல்பு. கரிகாலன் என்பதை ‘கரி’, ‘காலன்’ என்று பிரித்து, யானைகளுக்கு எமன் போன்றவன் என்று பொருள் சொன்னவர்களும் உண்டு.

கேம்பல்களும் அதையேதான் செய்தனர். முதலில் இப்பெயரின் நடுவே ‘ப்’ என்னும் ஒலிக்குரிய எழுத்து இல்லை. பிற்காலத்தில், இது லத்தீன் மொழியின் ‘காம்போ பெல்லோ’ என்னும் தொடரிலிருந்து வந்தது என்று ஒரு கதை பரவியது. அத்தொடரின் பொருள் ‘அழகிய வயல்’. கோணல் வாயைவிட அழகிய வயல் கௌரவமானது அல்லவா? அந்தக் கதைக்கு ஏற்ப எழுத்தும் மாறியது. நடுவே ‘ப்’ புகுந்தது. ஆயினும், மக்களின் நாக்கு அதை ஏற்கவில்லை. இன்றுவரை ஆங்கிலத்தில் அந்த எழுத்தை எழுதுகிறார்களே தவிர, உச்சரிப்பதில்லை. இந்த வகையில் தமிழ் எழுத்து நேர்மையானது. ‘கேம்பல்’ என்று எழுதும்போது, அந்த இடைச்செருகல் தானாகவே விடுபட்டுப் போகிறது.

ஸ்காட்லாந்தின் எல்லாக் குடும்பப் பெயர்களும் இப்படிப் பட்டப்பெயரிலிருந்து பிறந்தவை அல்ல. மற்ற வகைகளைக் காண நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரின் வரைபடமே போதும். சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில், பெட்ரா பிராங்காவில் நிற்கும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் ஊர்ப்பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயரைத் தாங்கியுள்ளது. கடல்வழி வரைபடங்களைத் தயாரித்த ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க்கின் நினைவாக அது கட்டப்பட்டு, 1851இல் ஒளியேற்றப்பட்டது. அதை அமைத்தவர் அரசாங்க நில அளவையாளரான ஜான் டர்ன்புல் தாம்சன். தாம்சன் ரோடு அவருடைய பெயரைத் தாங்கியது. தாம்சன் என்றால் ‘தாம் என்பவரின் மகன்’. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்திற்கும் மெக்பர்சன் ரோட்டிற்கும் முன்னால் நிற்கும் ‘மெக்’ என்பதும் ‘மகன்’ என்னும் பொருளுடைய கேலிக் சொல்தான். மெக்ரிட்சி என்பவர் ரிட்சியின் மகன். மெக்பர்சன் என்பவர் பாதிரியாரின் மகன்.

இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது. நீர்த்தேக்கத்திற்குப் பெயர் தந்த பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சியின் தந்தை பெயர் ரிட்சியாக இருக்க வேண்டிய தேவை இல்லை. எத்தனையோ தலைமுறைகளுக்கு முன் ரிட்சி என்று ஒருவர் இருந்தார். அவருடைய மகன் மெக்ரிட்சி ஆனார். பேரனும் கொள்ளுப்பேரனும் அதே பெயரை வைத்துக்கொண்டனர். தந்தையின் பெயரைச் சொல்லப் பிறந்த சொல், ஏதோ ஒரு தலைமுறையில் உறைந்து குடும்பப் பெயராகிவிட்டது. இந்த உறைதல் ஸ்காட்லாந்து முழுவதும் ஒரே காலத்தில் நிகழவில்லை. வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் 19ஆம் நூற்றாண்டிலும் தந்தையின் பெயரை மாற்றி மாற்றிச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது.

மலைப்பகுதிகளில் பெயர் என்பது அழைப்பதற்கான சொல் மட்டுமன்று. பாதுகாப்பும் அதுவே, ஆபத்தும் அதுவே. அங்கு மக்கள் ‘கிளான்’ எனப்படும் குலங்களாக வாழ்ந்தனர். மேற்குக் கடற்கரையிலுள்ள ஆர்கைல் பகுதி கேம்பல் குலத்தின் கைக்கு வந்தது. நிலம் பெருகப் பெருக, அந்நிலத்தில் வாழ்ந்த எளிய குடும்பங்களும் குலத்தலைவரின் பெயரையே ஏற்றுக்கொண்டன. கேம்பல் என்று சொன்னால் அடிக்கப் பலர் தயங்குவர். பசித்தால் கேட்கவும் ஒரு தலைவர் உண்டு. ஆகவே, கேம்பல்கள் எல்லாரும் ஒரே இரத்தம் என்று எண்ணுவது தவறு.

பெயரால் உயிர் பிழைத்தவர்கள் இருந்தது போலவே, பெயரால் உயிருக்கு அஞ்சியவர்களும் இருந்தனர். 1603இல் மன்னர் ஆறாம் ஜேம்ஸ், மெக்ரெகர் என்னும் குடும்பப் பெயரையே தடைசெய்தார். அப்பெயரை வைத்துக்கொள்வது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. இடையில் தளர்ந்தும் இறுகியும் வந்த அத்தடை, 1774இல்தான் முற்றாக நீங்கியது. மெக்ரெகர்கள் பலர் வேறு குலப் பெயர்களுக்குள் மறைந்து வாழ்ந்தனர். கதைகளிலும் திரைப்படத்திலும் புகழ்பெற்ற ராப் ராய் மெக்ரெகர்கூடத் தம் தாயின் குடும்பப் பெயரான கேம்பலைப் பயன்படுத்தியவர்தாம்.

கேம்பல் என்னும் பெயர் மீதும் ஒரு கறை படிந்தது. 1692ஆம் ஆண்டு குளிர்காலத்தில், ராபர்ட் கேம்பல் என்னும் அதிகாரியின் தலைமையில் அரசுப் படைவீரர்கள் கிளென்கோ பள்ளத்தாக்கிற்கு வந்தனர். அங்கு வாழ்ந்த மெக்டானல்ட் குலத்தார் அவர்களைத் தம் வீடுகளில் தங்கவைத்து உணவளித்தனர். ஏறத்தாழ இரண்டு வாரம் கழிந்தது. பிப்ரவரி 13ஆம் தேதி விடியுமுன், விருந்தினர்கள் தமக்குச் சோறிட்டவர்களையே கொல்லத் தொடங்கினர். ஏறக்குறைய 38 பேர் மாண்டனர். தப்பி ஓடியவர்களுள் சிலர் பனியில் உறைந்து இறந்தனர். உண்ட வீட்டிற்கு இரண்டகம் செய்வதை எந்த நாடும் மன்னிப்பதில்லை. கொலைக்கான ஆணை அரசிடமிருந்து வந்தது என்பதும், படைவீரர்களில் பலர் கேம்பல்கள் அல்லர் என்பதும் வரலாறு. ஆனால், மக்கள் நினைவில் பழி முழுவதும் அந்த ஒரு பெயர் மீதே விழுந்தது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் கிளென்கோவிலுள்ள ஒரு விடுதியின் முகப்பில், கேம்பல்களுக்கு இங்கே இடமில்லை என்று பொருள்படும் பலகை தொங்குகிறது. இப்போது அது பயணிகளைச் சிரிக்க வைப்பதற்காகத்தான். எனினும், சிரிப்பின் அடியில் ஒரு நினைவு இருக்கவே செய்கிறது.

அப்படியானால், லிட்டில் இந்தியாவில் பெயர் பதித்த கேம்பல் யார்? அக்கம்பக்கத்துத் தெருக்களைப் பார்த்தால் ஒரு குறிப்புக் கிடைக்கும். கிளைவ், ஹேஸ்டிங்ஸ், டல்ஹவுசி என்று இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயர் ஆட்சியோடு தொடர்புடைய பெயர்களே அங்கு உள்ளன. அந்த வரிசையில், 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது இந்தியாவில் பிரிட்டிஷ் படைகளின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்று, லக்னோவில் போரிட்ட சர் காலின் கேம்பலையே பலரும் சுட்டுகின்றனர்.

அந்தக் காலின் கேம்பல் பிறக்கும்போது கேம்பல் அல்லர். 1792இல் கிளாஸ்கோ நகரில், தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த அவரது பெயர் காலின் மெக்லிவர். கேம்பல் என்பது தாய்வழிக் குடும்பப் பெயர். பதினைந்து வயதில், தாய்மாமனான கர்னல் கேம்பல் அவரைப் படையில் சேர்க்க யார்க் பிரபுவிடம் அழைத்துச் சென்றார். மாமனின் பெயரையே சிறுவனுக்கும் உரியது என்று எண்ணிய பிரபு, இவனும் ஒரு கேம்பல்தான் என்று பதிந்துவிட்டாராம். திருத்த வாயெடுத்த சிறுவனை மாமன் தடுத்து, படையில் இருப்பதற்கு அது நல்ல பெயர் என்று சொன்னதாக அவரது வாழ்க்கை வரலாற்றில் கூறப்படுகிறது. தச்சர் மெக்லிவரின் பெயர் அன்றோடு நின்றது. பதிவேட்டில் நேர்ந்த ஒரு பிழை, கடல் கடந்து ஒரு தெருவின் பெயராகவும் ஆனது.

இன்று கேம்பல்கள் உலகெங்கும் இருக்கின்றனர். ஸ்காட்லாந்தில் மிகுதியாகக் காணப்படும் முதல் பத்துக் குடும்பப் பெயர்களுள் அதுவும் ஒன்று. 17ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மக்கள் பலர் அயர்லாந்தின் வடபகுதியில் குடியேற்றப்பட்டபோது, பெயரும் அவர்களோடு சென்றது. பிறகு கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று பரவியது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது முதல் ஐம்பது குடும்பப் பெயர்களுக்குள் வருகிறது.

இப்பெயர் மிகுதியாக உள்ள மற்றோர் இடம் கரிபியன் கடலில் இருக்கும் ஜமைக்கா தீவு. ஒலிம்பிக் போட்டிகளில் 2004, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற வெரோனிகா கேம்பல் பிரவுன் ஜமைக்காவைச் சேர்ந்தவர். ஸ்காட்லாந்திலிருந்து ஜமைக்கா சென்ற கேம்பல்களுள் பலர் கரும்புத் தோட்ட முதலாளிகள். அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். அவர்களுடைய சொந்தப் பெயர்கள் கணக்கேடுகளில் இடம்பெறவில்லை. முதலாளியின் பெயரோ அவர் வைத்த பெயரோதான் எழுதப்பட்டது. 1838இல் முழு விடுதலை கிடைத்தபோது, மக்கள் கையில் இருந்தவை அந்தப் பெயர்களே. ஆர்கைலில் ஒரு குடும்பம் பாதுகாப்புக்காக ஏற்றுக்கொண்ட பெயர், ஜமைக்காவில் இன்னொரு குடும்பத்தின் மீது சுமத்தப்பட்டது. எழுத்தில் இரண்டிற்கும் வேறுபாடு இல்லை.

கேம்பல் லேனில் கரும்பு வாங்க வரும் தமிழர்களுள் பெரும்பாலோர்க்கு இத்தகைய குடும்பப் பெயர் கிடையாது. தமிழ் மரபில் ஒருவருக்கு ஒரு பெயர். அதற்கு முன் தந்தை பெயரின் முதலெழுத்து. சிங்கப்பூர் அடையாள அட்டையில் பலருடைய பெயரை அடுத்து ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ என்று வருவது, ‘இன்னாருடைய மகன்’, ‘இன்னாருடைய மகள்’ என்பதையே குறிக்கிறது. ‘மெக்’ என்பதும் ஒருகாலத்தில் செய்த வேலை இதுதான். அங்கே அது உறைந்துவிட்டது. இங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தாத்தாவின் பெயர் பேரனின் அடையாள அட்டையில் இருக்காது. பெயருக்குப்பின் சாதிப் பட்டத்தைச் சேர்க்கும் வழக்கம் தமிழரிடம் இருந்தது. அதை விட்டுவிட வேண்டும் என்று 1929இல் செங்கற்பட்டில் நடைபெற்ற சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. பிறகு பலர் அதைக் கைவிட்டனர்.

குடும்பப் பெயர் எது என்று கேட்கும் வெளிநாட்டுப் படிவங்கள் தமிழர்களைத் திகைக்க வைப்பது இதனால்தான். சிங்கப்பூர் அதிபர் தர்மன் சண்முகரத்னத்தை உள்ளூரில் ‘திரு தர்மன்’ என்பர். ‘திரு சண்முகரத்னம்’ என்று வெளிநாட்டவர் அழைத்தால், உண்மையில் அவர்கள் அழைப்பது அவருடைய தந்தையை. முன்னாள் அதிபர் எஸ். ஆர். நாதனின் பெயரிலுள்ள முதல் எழுத்து, செல்லப்பன் என்னும் தந்தையைக் குறிக்கும். அடுத்த எழுத்தும் ‘நாதன்’ என்பதும், ராமநாதன் என்னும் ஒரே பெயரை உடைத்ததால் வந்தவை. தேசியப் பற்றுறுதியை எழுதிய எஸ். ராஜரத்னத்தின் முதல் எழுத்தும், சின்னத்தம்பி என்னும் தந்தையின் பெயரே.

கேம்பல் லேனிலிருந்து சிராங்கூன் ரோடு வழியாகச் சில நிமிடம் நடந்தால் வீராசாமி ரோடு வரும். அது டாக்டர் என். வீராசாமியின் நினைவாகப் பெயரிடப்பட்டது. அந்தப் பலகையில் இருப்பது குடும்பப் பெயர் அன்று. குழந்தையாக இருந்தபோது அவருக்கு வைத்துக் கூப்பிட்ட பெயர்.