சும்மா இருக்கவில்லை, படிக்கிறேன்!

படித்து முடித்தபின் வேலைக்குப் போவதுதான் நாம் பழகிய ஒழுங்கு. கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறேன் என்று ஒரு பெண், அதுவும் ஒரு பிள்ளையின் தாய் சொன்னால், கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "வீட்டில் ஏதும் பிரச்சினையோ?" என்று மெதுவாக விசாரிப்பார்கள். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நான் அப்படி ஒரு முடிவை எடுத்தேன். அப்போது எனக்கு வயது முப்பத்தேழு. இந்த முடிவை யோசித்துக்கொண்டிருக்கும் சகோதரிகள் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில்தான் என் அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

இரண்டு தோணியில் கால்

புறக்கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் பதினொரு வருடம் கணக்குப் பிரிவில் வேலை செய்தேன். உயர்தரம் சித்தியடைந்தும் பல்கலைக்கழகம் போகும் அளவுக்குப் புள்ளி கிடைக்கவில்லை. "கிடைத்த வேலையைப் பிடி" என்றார் அப்பா. பிடித்தேன். ஆனாலும் சட்டம் படிக்க வேண்டும் என்ற ஆசை மனதின் ஒரு மூலையில் கிடந்தது.

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் தொடங்கப்பட்டது, என்னைப் போன்றவர்களுக்கும் அதில் இடம் உண்டு. 18 வயது நிறைந்திருந்தால் போதும், மேல் வயதெல்லை கிடையாது. நாவலையில் தலைமை வளாகம் இருக்கிறது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கண்டி, மாத்தறை, அனுராதபுரம் ஆகிய இடங்களிலும் நிலையங்கள் உண்டு. சட்டமாணிப் பட்டத்துக்கான தெரிவுப் பரீட்சை எழுதினேன். இடம் கிடைத்தது. வேலையோடு சேர்த்துப் படித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வருடம் அப்படியே ஓட்டினேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து சமையல், தெஹிவளையில் ரயில், மாலை ஆறரைக்கு வீடு, மகளின் பாடம், இரவு பத்து மணிக்குப் புத்தகம். புத்தகத்தின் மேல் தலைவைத்துத் தூங்கிய இரவுகளே அதிகம்.

திறந்த பல்கலைக்கழகம் என்றால் வீட்டிலிருந்தே படித்துவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது முழு உண்மையல்ல. நேரடி வகுப்புகள் உண்டு. ஒப்படைகள் உண்டு. அவற்றில் தகைமை பெறாவிட்டால் இறுதிப் பரீட்சைக்குத் தோற்ற முடியாது. எங்கள் அலுவலகத்திலோ சனிக்கிழமையும் அரைநாள் வேலை. கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வருடத்தில் 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமய விடுமுறையும், மொத்தம் 21 நாள். மகளின் காய்ச்சலுக்கும் உறவினர் வீட்டு நன்மை தீமைகளுக்கும் போக மிஞ்சிய நாட்களை வகுப்புக்குப் பயன்படுத்தினேன். மார்ச் 31இல் நிதியாண்டு முடியும். அந்த மாதத்தில் கணக்குப் பிரிவில் யாருக்கும் விடுமுறை கிடைக்காது. அந்த மாதத்தில் வந்த ஒப்படையைத் தவறவிட்டேன். ஒரு பாடத்தில் பரீட்சைக்குத் தகைமை இல்லை என்று முடிவு வந்தது. ஒரு வருட உழைப்பு வீண்.

இரண்டில் ஒன்றை விட்டேயாக வேண்டும் என்பது அன்று எனக்குத் தெளிவானது.

கணக்குப் பார்த்த இரவு

கணவரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீர் கணக்குப் படிச்ச ஆள்தானே. முதலில கணக்கைப் போடும்" என்றார். மகள் தூங்கியபின் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு இருவரும் மேசையில் இருந்தோம்.

என் சம்பளம் 62,000 ரூபாய். சேமலாப நிதிக்கு 8 வீதம் போக, கைக்கு வந்தது 57,000. நான் வேலைக்குப் போவதற்காகவே எவ்வளவு செலவாகிறது என்று அன்றுதான் முதன்முதலாக எழுதிப் பார்த்தேன். பயணம், மத்தியானச் சாப்பாடு, மகளின் பாடசாலை வான், சேலை, அலுவலகத்தில் கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் சேர்க்கும் காசு எல்லாமாக மாதம் 19,000. ஆகவே உண்மையான குறை 57,000 அல்ல, 38,000. பின்னேரத்தில் சாதாரணதரப் பிள்ளைகளுக்கு வணிகக் கல்வியும் கணக்கீடும் சொல்லிக் கொடுத்தால் 16,000 வரும். மீதிக் குறை 22,000. படிப்பு முடிய இன்னும் ஏறக்குறைய இரண்டு வருடம். பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு நான் பிடித்த சீட்டுக் காசு இருந்தது. 22,000ஐ மாதாமாதம் எங்கிருந்து நிரப்புவது என்பதே கேள்வி.

கேட்காவிட்டால் கிடைக்காதது

பதினொரு வருடம் ஊழியர் சேமலாப நிதிக்கு என்னிடமிருந்து 8 வீதமும் நிறுவனத்திடமிருந்து 12 வீதமும் போயிருந்தது. அதை எடுக்கலாம் என்று நினைத்தேன். விசாரித்தபோதுதான் விடயம் தெரிந்தது. பெண்கள் பொதுவாக 50 வயதில்தான் அதைப் பெறலாம், ஆண்கள் 55இல். திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண் அதற்கு முன்னரும் பெறலாம். படிப்பதற்காக விடுகிற பெண்ணுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டம் அது. பெண் வேலையை விடுவது கல்யாணத்துக்காகத்தான் என்று அந்நாளில் எண்ணியிருப்பார்கள் போலும்! பரவாயில்லை, பணம் எங்கும் போகாது. வருடாவருடம் வட்டி சேர்ந்துகொண்டுதான் இருக்கும்.

ஆனால் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி வேறு. நிறுவனம் மாதாமாதம் 3 வீதம் கட்டும் அந்தப் பணத்தை, வேலையை விட்டவர் வயது பாராமல் கேட்டுப் பெறலாம். எனக்கு 172,000 ரூபாய் கிடைத்தது.

அடுத்தது பணிக்கொடை. "தானாக விலகிப் போறவைக்கு அது இல்லை" என்றார் அலுவலகத்தில் ஒரு மேலதிகாரி. பதினொரு வருடம் கணக்கெழுதிய நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அன்றிரவு தொழிற்சட்டப் பாடப் புத்தகத்தைத் திறந்தேன். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் தெளிவாக இருந்தது. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவர், தானாக விலகினாலும் பணிக்கொடைக்கு உரித்துடையவர். மாதச் சம்பளம் பெறுபவருக்கு, கடைசியாகப் பெற்ற சம்பளத்தின் பாதி, சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும். முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் மேலதிகமாகவும் செலுத்த வேண்டும்.

சண்டை பிடிக்கவில்லை. சட்டத்தின் பெயரையும் இலக்கத்தையும் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். கிடைக்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம் என்பதும் தெரிந்திருந்தது. அதற்குத் தேவை வரவில்லை. நான்காவது கிழமை காசோலை வந்தது: 341,000 ரூபாய். இரண்டும் சேர்த்து 513,000. மாதம் 22,000 வீதம் எடுத்தால் இருபத்துமூன்று மாதம் தாக்குப்பிடிக்கும். சட்டம் படித்து நான் வென்ற முதல் வழக்கு என்று கணவர் இன்றும் கேலி செய்வார்.

"வீட்டிலதானே நிக்கிறாய்"

காசுப் பிரச்சினை தீர்ந்தது, இனி படிக்கலாம் என்று நினைத்தேன். உண்மையான கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

முதல் திங்கட்கிழமை கணவர் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போனபின் புத்தகத்தோடு இருந்தேன். ஒன்பது மணிக்கு மாமி வந்தார். "பிள்ளை, நீ வீட்டிலதானே நிக்கிறாய், அந்த அரிசியை ஒருக்கால் புடைச்சு விடன்." பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா, "காஸ்காரன் வந்தால் வாங்கி வையும், நான் சந்தைக்குப் போட்டு வாறன்" என்றார். பதினொரு மணிக்குச் சின்னம்மா தொலைபேசியில் வந்தார். "இப்ப சும்மாதானே இருக்கிறாய்?" என்று தொடங்கிய பேச்சு ஒரு மணித்தியாலம் நீண்டது. யாரிலும் பிழை சொல்ல முடியாது. வீட்டில் இருக்கும் பெண் சும்மா இருக்கிறாள் என்பது நம் சமூகத்தில் ஊறிப்போன எண்ணம். சம்பளம் வாங்கும் வரைக்கும் ஐந்து மணிக்குமுன் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அது நின்றதும் என் நேரம் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது.

பதினொரு வருடம் யாரிடமும் காசு கேட்காதவள், போன் கார்ட்டுக்காக இருநூறு ரூபாய் கேட்கக் கணவர் முன்னால் நின்றபோது தொண்டை அடைத்தது. அவர் மறுக்கவில்லை. கேட்க வேண்டி வந்ததுதான் எனக்கு வலித்தது. மகளின் பாடசாலைப் படிவத்தில் "தாயின் தொழில்" என்ற இடத்தில் வெகுநேரம் பேனையை வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் "மாணவி" என்று எழுதினேன். வகுப்பு ஆசிரியை பார்த்துவிட்டு, "பிள்ளையின்ர விபரத்தை மாறி எழுதிப் போட்டீங்கள் போல" என்றார்.

மூன்று மாதம் இப்படியே போனது. பரீட்சை முடிவு வந்தபோது ஒரு பாடத்தில் சித்தி இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டு படித்த காலத்தில்கூடப் பரீட்சை எழுதிய எந்தப் பாடத்திலும் நான் சித்தியடையாமல் விட்டதில்லை! அன்று குசினிக்குள் நின்று அழுதேன். வேலையும் போய், படிப்பும் போய்விடுமோ என்ற பயம் அப்போதுதான் முதன்முதலாக வந்தது.

மாமி சொன்ன பதில்

அன்றிரவு சாப்பாட்டின்போது எல்லோர் முன்னிலையிலும் விடயத்தைச் சொன்னேன். "நான் வேலையை விட்டது வீட்டு வேலையைக் கூட்டிக்கொள்ள இல்லை. எனக்கு ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் வேணும். அந்த நேரம் நான் வீட்டில் இல்லை என்று நினைச்சுக்கொள்ளுங்கோ." மாமி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து கை கழுவப் போய்விட்டார். மனம் நொந்துவிட்டாரோ என்று பயந்தேன்.

காலை எட்டரை முதல் பன்னிரண்டரை வரை "கந்தோர் நேரம்" என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள் மகள். கிழமையில் இரண்டு நாள் பழைய அலுவலகப் பையை எடுத்துக்கொண்டு, நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு நாவலைக்குப் போனேன். நூலகத்தில் மூன்று மணித்தியாலம் படித்தால் அது வீட்டில் ஒரு நாள் படித்ததற்குச் சமன். அந்த நாட்களில் பன்னிரண்டு மணிக்கே புறப்பட்டு வந்து மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவேன். மாலையில் அவள் புலமைப்பரிசில் பயிற்சித் தாளுடன் மேசையின் ஒரு பக்கம், நான் ஒப்பந்தச் சட்டத்துடன் மறுபக்கம். "அம்மா, உங்களுக்கு எத்தனை புள்ளி?" என்று அவள் கேட்பதற்குப் பயந்தே படித்தேன் என்று சொல்லலாம்.

ஒவ்வொரு மாதமும் 25ஆம் திகதி, முன்பு சம்பளம் வந்த அதே நாளில், சேமிப்பிலிருந்து 22,000 எடுத்து வீட்டுச் செலவுக்குக் கொடுப்பேன். அதில் இரண்டாயிரம் என் கைச்செலவுக்கு. இருநூறு ரூபாய்க்கு நிற்கும் நிலை பிறகு வரவில்லை.

சில கிழமைகள் கழிந்தன. ஒருநாள் காலை பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. நான் எழும்ப முன்னரே மாமி முன் கதவுக்குப் போய்விட்டார். "பிள்ளை வேலையில நிக்கிறா. பன்னிரண்டரைக்குப் பிறகு வாருங்கோ" என்று சொன்னது அறைக்குள் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கோபித்துக்கொண்டு எழுந்து போனார் என்று நான் நினைத்த மாமி! பிறகுதான் ஒருநாள் சொன்னார். ஆசிரியை ஆகவேண்டும் என்று ஆசைப்பட்ட அவரைத் தம்பிமாரைப் பார்க்கவென்று எட்டாம் வகுப்போடு மறித்துவிட்டார்களாம்.

சித்தியடையாத அந்தப் பாடத்தை மறுபடி எழுதிச் சித்தியடைந்தேன். இப்போது பட்டப்படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். அது முடிந்தாலும் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளும் பயிலுநர் காலமும் இருக்கின்றன. சேமிப்புப் பணம் கரைந்துவிட்டது. ஆதலால் இப்போது இன்னும் நாலு பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பிக்கிறேன். பழைய அலுவலகத் தோழிகளுக்குச் சம்பளம் கூடியது என்று கேள்விப்படும்போது மனம் ஒரு கணம் தடுமாறத்தான் செய்கிறது.

யோசிக்கும் சகோதரிகளுக்கு

எல்லோரும் வேலையை விட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடிந்தால் அதுவே நல்லது. முடியாது என்று உறுதியானால் மட்டும், சில விடயங்களை முன்கூட்டியே செய்யுங்கள்.

வரவையும் செலவையும் குறைந்தது மூன்று மாதமாவது எழுதிப் பாருங்கள். வேலைக்குப் போவதற்கான செலவைக் கழித்து, உண்மையான குறை எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள். ஐந்து வருடச் சேவைக்குச் சில மாதங்களே குறைவாக இருந்தால் அதைப் பூர்த்தி செய்துவிட்டு விலகுங்கள், பணிக்கொடை கிடைக்கும். நியமனக் கடிதம், சம்பளப் பட்டியல், சேமலாப நிதி இலக்கம் ஆகியவற்றின் பிரதிகளை விலகுவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடன் தவணை இருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டாரோடு முதல் நாளே பேசுங்கள். நான் மூன்று மாதம் தாமதித்துப் பேசினேன். அதற்கு விலையாக ஒரு பாடத்தைக் கொடுத்தேன். படிப்பும் ஒரு வேலைதான் என்று நாமே சொல்லாவிட்டால் மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

இந்த வருடமும் மகளின் பாடசாலைப் படிவம் வந்தது. இம்முறை அவளே அதை நிரப்பினாள். "தாயின் தொழில்" என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே எழுதினாள்: "சட்ட மாணவி".