தையல் பிரித்த பிறகும் முடியவில்லை

1941 ஜனவரியில் பிரான்சின் லியோன் நகரில் ஓவியர் ஆன்ரி மத்தீஸுக்கு வயிற்றுப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது அவருக்கு வயது 71. அறுவையைத் தாங்கிக்கொண்டவரை, பிறகு நுரையீரலில் போய் அடைத்த ரத்தக்கட்டிகள் சாவின் விளிம்புவரை கொண்டுபோயின. பிழைத்தார். வயிற்றுத் தசை தளர்ந்துபோன உடம்போடு, படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடியே 1954 வரை வேலை செய்தார்.

ரத்தக்கட்டி ஆபத்து இன்றும் அப்படியே இருக்கிறது. புற்றுநோயே ரத்தத்தை உறையத் தூண்டும். பெரிய அறுவையும் நாள்கணக்கில் படுக்கையும் சேர்ந்தால் காலில் ரத்தக்கட்டி உருவாகி, அங்கிருந்து நுரையீரலுக்குப் போகலாம். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், வயிறு, இடுப்புப் பகுதிப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களில் ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்சபாரின் ஊசியைச் சுமார் ஒரு வாரத்தோடு நிறுத்தியவர்களில் 12 சதவீதம் பேருக்கு ரத்தக்கட்டி இருந்தது. நான்கு வாரம் தொடர்ந்தவர்களில் 4.8 சதவீதம்தான். ஆகவே டிஸ்சார்ஜ் அன்று பில்லைப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: "இந்த ஊசியை வீட்டிலும் போடணுமா, எத்தனை நாள்?"

வீட்டுக்கு வந்ததும் பாசம் குறுக்கே வரும். "ஆபரேஷன் பண்ண உடம்பு, அசையாம படு" என்பார்கள். முட்டை, பருப்பு, கத்திரிக்காய் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று வெறும் கஞ்சியை நீட்டுவார்கள். டென்மார்க் மருத்துவர் ஹென்ரிக் கேலெட் 1990-களில் தொடங்கிவைத்த முறை இதற்கு நேரெதிர்: மறுநாளே எழுந்து நடப்பது, முடிந்தவரை சீக்கிரம் வாய்வழியாகச் சாப்பிடுவது. இன்று பல மருத்துவமனைகளில் இதுதான் வழக்கம். தையல் கூடுவதற்குப் புரதம் வேண்டும். மருத்துவர் தடை சொல்லாதவரை முட்டையும் மீனும் பருப்பும் மருந்துக்குச் சமம். இரைப்பையை முழுவதுமாக எடுத்துவிட்டவர்கள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிட வேண்டும். பி12 ஊசியும் அவர்களுக்கு ஆயுள் முழுக்கத் தேவை.

தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரப்பிள்ளை – ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக் கூடாது. மேல்தோல் ஆறிவிட்டாலும் உள்தசை ஆறியிருக்காது. அந்த இடத்தில் குடலிறக்கம் வரலாம்.

குடலை வெட்டி இணைத்த இடம் கசிவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் இது தெரியவரும். குறைந்துகொண்டிருந்த வலி திடீரெனக் கூடும், காய்ச்சல் அடிக்கும், நாடி படபடக்கும், வயிறு உப்பும், வாந்தி வரும். "உடம்பு சூடு" என்று மெடிக்கல் ஷாப்பில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுப் பார்க்கிற ஒரு ராத்திரி இங்கே உயிரை வாங்கிவிடும். ஒரு கால் மட்டும் வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும் அப்படித்தான்: காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

ஆனால் என்ன அறுவை நடந்தது என்றே தெரியாத நோயாளி எந்த அறிகுறியைக் கவனிப்பார்? "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்" என்று பிள்ளைகளே கையெழுத்துப் போடும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. சோதனைக்காக மட்டும் சம்மதித்து மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு, தாயின் கையெழுத்தை வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிய வழக்கில், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அந்தக் கையெழுத்து செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலம் வெளியேற வயிற்றில் பை வைக்க நேரிடலாம் என்றால், அதை முன்கூட்டியே நோயாளியிடம்தான் சொல்ல வேண்டும். கண் விழித்த பிறகு போர்வைக்கடியில் தடவித் தெரிந்துகொள்ளும் செய்தி அல்ல அது.

அடுத்தது காகிதம். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அறுவைக் குறிப்பும் பயாப்ஸி ரிப்போர்ட்டும் வேண்டும். கீமோ தேவையா என்பதை அந்த ரிப்போர்ட்தான் முடிவுசெய்யும். பெருங்குடல் புற்றுநோயில் எட்டு வாரத்துக்குள் கீமோ தொடங்குவது நல்லது என்பதால் ரிப்போர்ட்டுக்காக அலையவும் நேரமில்லை. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. எழுத்தில் கேட்டு, தேதியோடு ஒப்புகை வாங்கிவைப்பது புத்திசாலித்தனம்.

பணம் பற்றி. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு தமிழ்நாடு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு, தகுதிக்காலம் நிறைந்திருந்தால், புற்றுநோய்க்காகச் சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு ஆண்டுவரை கிடைக்கும். பலர் சாதாரண நோய்க்கான 91 நாளோடு முடிந்துவிட்டதாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி இரண்டிலும் கட்டணம் இல்லை. கூட வருபவருக்கு 75 சதவீதம் சலுகை.

தனியார் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். அங்கே தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, நிறுவனம் கைவிரித்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம். கட்டணம் வாங்கிய மருத்துவமனையின் கவனக்குறைவு என்றால் நுகர்வோர் ஆணையம். அங்கே இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை.