துணிக்கடைக்காரர் கண்ட புது உலகம்

விஞ்ஞானி ஆவதற்குப் பட்டம் வேண்டுமா? வேண்டாம் என்று காட்டியவர் ஆண்டனி வான் லீவன்ஹூக்.

ஹாலந்தில் டெல்ஃப்ட் நகரில் 1632-ம் ஆண்டு பிறந்தார். தந்தை கூடை முடைபவர். 16 வயதில் ஆம்ஸ்டர்டாம் சென்று ஒரு துணி வியாபாரியிடம் வேலை பழகினார். பிறகு ஊர் திரும்பிச் சொந்தமாகக் கடை வைத்தார். 1660-ல் நகராட்சியில் ஒரு சிறு உத்தியோகமும் கிடைத்தது.

துணி இழையைப் பூதக்கண்ணாடியால் பார்ப்பது அத்தொழிலில் வழக்கம். லீவன்ஹூக் ஓய்வு நேரங்களில் தாமே கண்ணாடி வில்லைகளைத் தேய்த்தார். இன்றும் எஞ்சியுள்ள ஒரு வில்லை, பொருளைச் சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது!

யார் நம்புவார்?

தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நீந்துவதாக 1676-ல் லண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதினார். பண்டிதர்களின் மொழியான லத்தீன் அவருக்குத் தெரியாது. கடிதம் டச்சு மொழியில் இருந்தது. பண்டிதர்கள் சந்தேகப்பட்டனர். அவரோ, நேரில் பார்த்த எட்டுப் பேரின் சாட்சியத்தை அனுப்பி வைத்தார்.

"யார் சொன்னாலும் சோதிக்காமல் ஏற்காதே" என்பதே அச்சங்கத்தின் கொள்கை. அதன்படி ராபர்ட் ஹூக் 1677 நவம்பரில் சோதனை செய்தார். உயிர்கள் நெளிந்தன!

1680-ல் கடைக்காரர் சங்க உறுப்பினரானார். 1723-ல், 90 வயதில் மறையும் வரை கடிதம் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை.

சொன்னவரின் படிப்பைப் பாராமல் சொன்னதைச் சோதித்துப் பார்த்தார்கள். நவீன விஞ்ஞானம் அப்படித்தான் வளர்ந்தது.